அச்சமூட்டும் சீட்டுகள்

மும்பை, தில்லி போன்ற பெருநகரங்களில் வாழும் நம்மவரிற் பலர் ‘டாரட்’ என்னும் சொல்லைக் கேட்டிருப்பர். நண்பர் வீட்டு விருந்தில் ஒருவர் படச் சீட்டுகளைப் பரப்பி, ஒன்றை எடுக்கச் சொல்கிறார். நாமும் விளையாட்டாக எடுக்கிறோம். வெண்குதிரைமீது ஓர் எலும்புக்கூடு. அடியில் ‘மரணம்’ என்ற எழுத்து. ஊரில் தாயார் நோயுற்றிருக்கும் வேளையில் இச்சீட்டு வந்துவிட்டால், படித்தவர்க்குங்கூட அன்றிரவு உறக்கம் வருமா? நம் ஊர்க் கிளி எடுத்துத் தரும் சீட்டில் பெரும்பாலும் தெய்வத்தின் படமே இருக்கும். எலும்புக்கூடு நமக்குப் பழக்கமில்லை.

இச்சீட்டுகள் பிறந்தது வட இத்தாலியில், 15ஆம் நூற்றாண்டில். அதுவும் குறி கேட்பதற்கன்று, பிரபுக்கள் ஆடிப் பொழுதுபோக்குவதற்கு. மொத்தம் 78 சீட்டுகள். அவற்றுள் 56 கிண்ணம், வாள், நாணயம், கோல் என நால்வகைப்படும். எஞ்சிய 22 படச் சீட்டுகளே துருப்பாகப் பயன்பட்டவை. இவை எகிப்தியரின் மறைநூல் என்று 1781இல் பிரெஞ்சு அறிஞர் கூர் டெ ழெபெலன் எழுதினார். சான்று ஏதும் இல்லாவிடினும், குறிசொல்வோர்க்கு அக்கூற்று மிகவும் உதவிற்று.

மிலான் பிரபுக்களான விஸ்கோந்தி, ஸ்ஃபோர்சா குடும்பங்களுக்காகத் தீட்டப்பெற்ற பழைய கட்டு ஒன்றில் 74 சீட்டுகளே இன்று எஞ்சியுள்ளன. சாத்தானும் இடிந்த கோபுரமும் அதில் இல்லை. அஞ்சியே யாரோ அகற்றினர் என்று கருதத் தோன்றும். ஆனால் நாணயக் குதிரைவீரனையும் காணவில்லையே! அவனுக்கு அஞ்சுவார் யார்?

இன்று பெரிதும் வழங்கும் படங்கள் 1909இல் லண்டனில் வெளியானவை. ஆர்தர் எட்வர்டு வெய்ட் என்பார் கருத்தைக் கூற, பமேலா கோல்மன் ஸ்மித் என்னும் ஓவியப் பெண்மணி வரைந்தார். மரணச் சீட்டை அச்சத்தை விலக்கிவிட்டுச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அரசன் வீழ்ந்து கிடக்கிறான். சமயத் தலைவர் கைகூப்பி நிற்கிறார். நங்கை முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சிறு குழந்தை மட்டும் குதிரையை ஏறிட்டு நோக்குகிறது. எலும்புக்கூட்டின் கையிலுள்ள கருங்கொடியில் வெண்மலர். தொலைவில் இரு கோபுரங்களுக்கிடையே கதிரவன் ஒளிர்கிறான். ஆகவேதான் இச்சீட்டைப் பொருளுணர்ந்து படிப்போர், ‘ஒரு நிலை முடிந்து மற்றொன்று தொடங்குகிறது’ என்கின்றனர். பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்த நமக்கு அத்தகைய முடிவும் தொடக்கமும் அறியாதன அல்ல.

தலைகீழாகத் தொங்கும் மனிதனின் வரலாறு இன்னும் சுவையுடையது. துரோகிகளை ஒரு காலால் தொங்குவதாகச் சுவரில் வரைந்து இழிவுபடுத்தும் வழக்கம் அக்கால இத்தாலியில் இருந்தது. இச்சீட்டுக்கே ‘துரோகி’ என்று பெயருண்டு. ஸ்மித் அம்மையாரோ அவன் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரைந்து, முகத்தில் அமைதியையும் வைத்துவிட்டார். அன்றுமுதல் அவன் பொறுமையின் உருவம்! சாத்தான் சீட்டிலும் ஆண், பெண் இருவரின் கழுத்துச் சங்கிலி தளர்ந்தே கிடக்கிறது; வேண்டுமானால் அவர்களே கழற்றிவிடலாம். முதுகில் பத்து வாள் பாய்ந்து கிடப்பவனின் சீட்டும் கொலைச்சாவைக் குறிப்பதன்று என வெய்ட் எழுதியுள்ளார். கரிய வானத்தின் அடியில் மஞ்சள் வெளிச்சம் தெரிகிறது.

இடி விழுந்த கோபுரத்தை மட்டும் இனிப்பாக்க நாம் முயலமாட்டோம். இடிந்தது இடிந்ததுதான். பொய்யான கட்டடம் வீழ்ந்தது நன்மையே என்று சிலர் உரைப்பர். குடியிருந்தவனைக் கேட்டால் அவ்வாறு சொல்வானா?

இவ்வுரைகளெல்லாம் படத்தைப் பற்றியவை; வருங்காலத்தைப் பற்றியவை அல்ல. கலைத்து எடுத்த சீட்டுக்கு நம் தாயாரின் உடல்நிலை தெரியாது. தொலைபேசியில் அவரையே கேட்கலாம். ‘மரணம் வந்துவிட்டது, பரிகாரத்துக்குப் பணம் வையுங்கள்’ என்பாரிடம் மேலும் உட்கார்ந்திராமல் எழுந்துவிடுதல் நன்று. எழுமுன் அடுத்த எண்ணுள்ள படத்தைக் காட்டும்படி கேட்கலாம். 13ஆம் எண் மரணம். 14இல் தேவதை ஒருத்தி ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு அமைதியாக நீர் வார்த்துக்கொண்டிருக்கிறாள்.