இருபத்தைந்து சுற்று, ஐந்து மீட்டர்

2010 நவம்பர் 21 அன்று சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்கள் 10,000 மீட்டர் ஓட்டத்தை இந்தியாவின் பிரீஜா ஸ்ரீதரன் 31 நிமிடம் 50.47 விநாடியில் ஓடி முடித்துத் தங்கம் வென்றார். வெள்ளியும் இந்தியாவுக்கே வந்தது. கவிதா ராவுத் எடுத்துக்கொண்ட நேரம் 31 நிமிடம் 51.44 விநாடி. பஹ்ரைனின் ஷிதாயே எஷேடே 31 நிமிடம் 53.27 விநாடியில் மூன்றாவதாக வந்தார். பிரீஜாவின் நேரம் தேசிய சாதனையாகப் பதிவாகிப் பல ஆண்டுகள் அசையாமல் நின்றது. இடுக்கி மலைக் கிராமத்தில் பிறந்த அவர் ரயில்வே வேலை பார்த்த ஊர் பாலக்காடு. கோவைக்காரர்களுக்கு அது கணவாயைத் தாண்டினால் வந்துவிடும் பக்கத்து ஊர். கவிதா நாசிக் பக்கம் ஒரு பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர்.

அந்த வேகம் எப்படிப்பட்டது என்பதைக் கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் காலாற நடப்பவர்கள் எளிதில் உணரலாம். அந்த வட்டத்தின் நீளம் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். நான்கு முறை சுற்றினால் 10 கிலோமீட்டர். நல்ல நடைக்கு ஒரு சுற்று அரை மணி நேரம் பிடிக்கும். பிரீஜாவின் வேகத்தில் ஓடினால் அந்த அரை மணியோடு இரண்டு நிமிடம் சேர்வதற்குள் நான்கு சுற்றும் முடிந்திருக்கும்.

போட்டித் தடகளத்தில் ஒரு சுற்று 400 மீட்டர். 10,000 மீட்டருக்கு 25 சுற்று. பிரீஜாவின் நேரத்தை 25-ஆல் வகுத்தால் சுற்றுக்குச் சராசரியாக 76.4 விநாடி வரும். விநாடிக்கு 5.2 மீட்டர், மணிக்குக் கிட்டத்தட்ட 19 கிலோமீட்டர். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்த 0.97 விநாடி இந்த வேகத்தில் சுமார் 5 மீட்டர். பத்தாயிரம் மீட்டர் ஓடியதன் முடிவை ஐந்து மீட்டர் தீர்மானித்தது. அதனால் ஒவ்வொரு மீட்டரையும், ஒவ்வொரு மூச்சையும் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய ஓட்டம் இது. கிணற்றில் ஊறும் தண்ணீரை அளந்து பாத்திக்கு விடும் கொங்கு விவசாயிக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

முதல் சிக்கனம் வளைவில் தொடங்குகிறது. ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். நெடுந்தூர ஓட்டத்தில் யாருக்கும் தனித்தடம் கிடையாது. எல்லோரும் உள்விளிம்பை ஒட்டி ஓடவே முயல்வார்கள். வட்டத்தின் ஆரம் 1.22 மீட்டர் கூடினால் சுற்றளவு 7.67 மீட்டர் கூடும். ஒரே ஒரு சுற்றை இரண்டாம் தடத்தில் ஓடினாலே குவாங்சோவில் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்த தூரத்தைவிட அதிகம் வீணாகிவிடும். முன்னால் ஓடுபவருக்கு அரை மீட்டர் வெளிப்பக்கமாகவே 25 சுற்றும் ஓடினால் வீண் தூரம் கிட்டத்தட்ட 80 மீட்டர். அதை ஓடக் கூடுதலாகக் கால் நிமிடம் வேண்டும். பள்ளி விளையாட்டு விழாவில் சொல்லித் தந்தாலே புரிந்துவிடும் கணக்குதான். ஆனால் நெரிசலில் யாரையாவது முந்த வேண்டும் என்ற வேகத்தில் வளைவிலேயே வெளியே வருபவர்களைப் பெரிய போட்டிகளிலும் காணலாம்.

அடுத்தது காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் பியூ 1971-இல் வெளியிட்ட ஆய்வில், விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஒருவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓடுபவரின் ஆக்சிஜன் செலவு சுமார் 6.5 சதவீதம் குறைவதாகக் கணக்கிட்டார். நெடுந்தூர ஓட்டத்தில் முன்னால் போக யாரும் அவசரப்படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கோவை மைதானங்களில் பயிற்சி எடுப்பவர்களுக்கு இதில் இன்னொரு சங்கதி உண்டு. ஒரு நேர்ப்பகுதியில் எதிர்க்காற்று என்றால் மறுபக்கம் பின்காற்று கிடைக்கும். இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. விநாடிக்கு 5.2 மீட்டர் வேகத்தில் ஓடுபவருக்கு 3 மீட்டர் வேகக் காற்று எதிரே வந்தால் அவர் சந்திப்பது 8.2 மீட்டர் வேகம். பின்னால் வந்தால் 2.2 மீட்டர். வர்க்கமாக்கினால் 67, 5. சராசரி 36. காற்றே இல்லாத நாளில் அது 27 மட்டும். எதிர்க்காற்று பறித்ததைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது.

உடம்புக்குள் நடக்கும் செலவு இதைவிட நுட்பமானது. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் ஓடிக் கடத்த ஏறக்குறைய ஒரு கிலோகலோரி வேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண் 10 கிலோமீட்டர் ஓட 500 கிலோகலோரி. தசையிலும் கல்லீரலிலும் சேமித்துள்ள கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு இதற்குத் தாராளமாகப் போதும். மாரத்தானில் 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் வரும் வறட்சி இங்கே வருவதில்லை. ஆனால் அந்த ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகிவிடும். வியர்வையும் காற்றும் அதை வெளியேற்றாவிட்டால் அரை மணி நேரத்தில் உடல் வெப்பம் 9 டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கும். வெயில் நாடுகளில் இந்த ஓட்டத்தை மாலையிலோ இரவிலோ வைப்பது இதனால்தான்.

வேகத்தின் உச்சவரம்பை இரண்டு அளவுகள் வகுக்கின்றன. ஒரு நிமிடத்தில் உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது ஒன்று. அதில் எத்தனை சதவீதத்தில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்பது மற்றொன்று. வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் தசையில் லாக்டேட் என்ற வேதிப்பொருள் உண்டாகும் வேகம் அது செலவாகும் வேகத்தை மிஞ்சிவிடும். லாக்டேட்டை நெடுங்காலம் வெறும் கழிவு என்றே பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன. அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் புரூக்ஸின் ஆய்வுகளுக்குப் பிறகு, இதயமும் மெதுவாக இயங்கும் தசைநார்களும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன என்பது தெளிவாயிற்று. கால் தசை எரிவதற்கும் தளர்வதற்கும் லாக்டேட்டோடு சேர்ந்து பெருகும் அமிலத்தன்மை உள்ளிட்ட மாற்றங்களைக் காரணமாகச் சொல்கிறார்கள். பத்தாயிரம் மீட்டர் ஓடுபவர் இந்த எல்லையின் வரப்பு மேலேயே அரை மணி நேரம் ஓடுகிறார்.

அந்த வரப்பை உயர்த்தத்தான் ஓட்டக்காரர்கள் மலைக்குப் போகிறார்கள். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. ஆக்சிஜன் குறைவதை உணரும் சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க, எலும்பு மஜ்ஜை அதிகச் சிவப்பணுக்களை உண்டாக்கும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். இந்திய நெடுந்தூர ஓட்டக்காரர்களின் பயிற்சி முகாம்கள் ஊட்டியில் பலமுறை நடந்திருக்கின்றன. ஆனால் மெல்லிய காற்றில் முழு வேகத்தில் ஓட முடியாது; கால்கள் மெதுவான வேகத்துக்குப் பழகிவிடும். 1997-இல் லெவின், ஸ்ட்ரே-கண்டர்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், உயரத்தில் தங்கித் தாழ்விடத்தில் வேகப் பயிற்சி எடுத்தவர்களே கடல்மட்ட ஓட்டத்தில் முன்னேறினார்கள் என்று காட்டினார்கள். ஊட்டியில் தங்கி, வேகப் பயிற்சிக்கு மட்டும் மேட்டுப்பாளையம் பக்கம் இறங்குவதற்கு ஒரு மலைப்பாதை போதும். இவ்வளவு குறைந்த தூரத்தில் இவ்வளவு உயர வேறுபாடு இந்தியாவில் எல்லா மாநிலத்துக்கும் வாய்த்ததல்ல. கொங்கு நாடு இதை இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம்.

மலையேறினால் மட்டும் இரத்தம் கூடிவிடாது. சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு இரும்புச்சத்து வேண்டும். மாதவிடாயில் இழப்பு; வியர்வையில் கொஞ்சம்; பாதம் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் சிதையும் சிவப்பணுக்களால் இன்னும் கொஞ்சம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. பயிற்சிக்கு வரும் பெண் களைப்பாக இருந்தால் சோம்பல் என்று அதட்டுவதற்கு முன்னால் அவளுடைய இரத்தத்தைப் பரிசோதிப்பது பயிற்சியாளரின் கடமை. கம்பும் கீரையும் இரும்புச்சத்து தரும். எலுமிச்சை, நெல்லிக்காய் அது உடம்பில் சேர உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் தடுக்கும். சோகை உறுதியானால் உணவோடு நிற்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். உடல் செலவழிக்கும் அளவுக்குச் சாப்பிடாத ஓட்டக்காரப் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதும், எலும்பு மெலிந்து விரிசல் விழுவதும் உண்டு. ஒல்லியாக இருந்தால் வேகம் வரும் என்று சிறுமிகளின் தட்டைக் குறைப்பது பெரும் தவறு.

பெண்ணின் உடம்பு நெடுந்தூரம் தாங்காது என்று ஒலிம்பிக் நிர்வாகிகளே நம்பிய காலம் இருந்தது. 1928 ஆம்ஸ்டர்டாமில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் மயங்கி விழுந்ததாக மிகைப்படுத்தி எழுதிய செய்திகளுக்குப் பின் அந்த ஓட்டம் நீக்கப்பட்டு 1960-இல்தான் திரும்பியது. பெண்கள் 10,000 மீட்டர் 1988 சியோல் ஒலிம்பிக்கில்தான் சேர்ந்தது. 2024 மே மாதம் கென்யாவின் பீட்ரிஸ் செபெட் 28 நிமிடம் 54.14 விநாடியில் ஓடி, 29 நிமிடத்துக்குள் முடித்த முதல் பெண்ணானார். தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு: புதுக்கோட்டை மாவட்டத்தின் எல். சூர்யா 2016 குவாஹாட்டி தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார்.

வளைவிலும் காற்றிலும் மூச்சிலும் பார்த்த இத்தனை சிக்கனமும் கடைசிச் சுற்றை அறிவிக்கும் மணிக்காகத்தான். அதுவரை மெதுவாக இயங்கும் தசைநார்களே பெரும்பாலான வேலையைச் செய்திருக்கும். மணி அடித்ததும் வேகத் தசைநார்கள் முழுவீச்சில் சேர்ந்துகொள்ள, ஆக்சிஜன் இல்லாமலே ஆற்றல் தரும் சிறிய இருப்பு திறக்கும். அது ஓரிரு நிமிடத்துக்கு மேல் வராது. முன்கூட்டியே திறந்தவர் கடைசி நேர்ப்பகுதியில் தளர்வார். மிகத் தாமதமாகத் திறந்தவர் மிச்சம் வைத்தபடி கோட்டைக் கடப்பார். 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியின் 5,000 மீட்டரில் பாருல் சௌத்ரி ஜப்பானின் ரிரிகா ஹிரோனாகாவைக் கடைசிச் சில மீட்டரில் முந்தி 15 நிமிடம் 14.75 விநாடியில் தங்கம் வென்றது இந்த இருப்பைச் சரியான இடத்தில் செலவழித்ததால். குவாங்சோவிலேயே இதன் மறுபக்கத்தையும் பிரீஜா பார்த்தார். சில நாட்கள் கழித்து நடந்த 5,000 மீட்டரில் பஹ்ரைனின் மிமி பெலேடே 15 நிமிடம் 15.59 விநாடி, பிரீஜா 15 நிமிடம் 15.89 விநாடி. அன்று தங்கம் 0.30 விநாடியில், ஏறக்குறைய ஓர் எட்டு தூரத்தில், கைநழுவியது.