டிரம்ப் தோற்ற மாநிலத்தில் சூசன் காலின்ஸ் ஜெயித்தது எப்படி?

அமெரிக்காவில் இப்போதெல்லாம் அதிபர் பதவிக்கு எந்தக் கட்சியோ, செனட்டுக்கும் அதே கட்சிக்குத்தான் ஓட்டு. 2016-ல் செனட் தேர்தல் நடந்த ஒரு மாநிலத்தில்கூட இது மாறவில்லை. 2020-ல் மாறியது ஒரே மாநிலம், மெயின். அங்கே டிரம்ப் சுமார் 9 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். அவருடைய குடியரசுக் கட்சியைச் சேர்ந்த சூசன் காலின்ஸ் 51% ஓட்டு வாங்கி, ஐந்தாவது முறையாக ஜெயித்தார்.

1996-ல் முதல் வெற்றி. சுமார் 14 லட்சம் பேர் வாழும் சின்ன மாநிலம். கட்சியைத் தாண்டி ஆளைப் பார்த்துப் போடும் ஓட்டு அவருக்கு நிறைய. ‘மிதவாதி’ பட்டமும் சும்மா வரவில்லை. 2017-ல் ஒபாமாகேரை ரத்து செய்யும் முயற்சியைக் கவிழ்த்த மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்களில் இவரும் ஒருவர்.

ஆனால் 2018-ல் பிரெட் கவனா 50-48 என்ற கணக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதியானபோது, காலின்ஸ் போட்டது ஆதரவு ஓட்டு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி! 2014-ல் 68% வாங்கியவர் 51-க்கு இறங்கியதில் அந்த ஓட்டுக்கும் பங்கு உண்டு.

2026-ல் அந்த இடத்துக்கு மறுபடி தேர்தல். 2024-ல் கமலா ஹாரிஸ் ஜெயித்த மாநிலங்களிலிருந்து வந்த ஒரே குடியரசுக் கட்சி செனட்டர் காலின்ஸ்தான்.