இரண்டு உணவும் குறைந்தால்?

நல்ல உணவுக் கரைசலில், 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், எஷ்சரிசியா கோலை என்னும் பாக்டீரியம் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கிறது. உணவு குறைந்தால் வேகமும் குறையும். எவ்வளவு குறையும்? இதற்குப் பிரெஞ்சு அறிஞர் ழாக் மோனோ 1940-களில் ஓர் எளிய வாய்பாட்டைத் தந்தார்.

உணவின் செறிவுடன் ஒரு மாறிலியைக் கூட்டி, அந்தத் தொகையால் செறிவை வகுக்க வேண்டும். கிடைக்கும் பின்னத்தை உச்ச வேகத்தால் பெருக்கினால் வளர்ச்சி வேகம் வந்துவிடும். செறிவு மாறிலிக்குச் சமமானால் வேகம் சரிபாதி. சர்க்கரைக்கு ஒரு மாறிலி, அம்மோனியாவுக்கு வேறொன்று.

ஒரே உணவு குறையும்வரை தொல்லையில்லை. சர்க்கரை, அம்மோனியா இரண்டுமே தத்தம் மாறிலி அளவுக்குக் குறைந்துவிட்டதாகக் கொள்வோம். (ஒன்றின் வேலையை மற்றது செய்யாது என்பதை நினைவிற்கொள்க.) தனித்தனியே ஒவ்வொன்றும் பாதி வேகம் தரும். சேர்ந்தால்?

மிகவும் தட்டுப்பாடானதே வேகத்தை முடிவு செய்யும், மற்றது கணக்கில் வராது என்பர் ஒரு சாரார். விடை 1/2. பயிர்களைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் லீபிக் பரப்பிய கருத்து இது. செங்கல் மலையாய்க் குவிந்திருந்தாலும் சிமெண்டு உள்ளமட்டும்தானே சுவர் எழும்!

மறு சாரார் இரு பின்னங்களையும் பெருக்குகிறார்கள். விடை 1/4.

இது வெறும் ஏட்டு வாதமன்று. கழிவுநீர்த் தொட்டியில் அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியங்களுக்கு ஆக்சிஜனும் வேண்டும். இரண்டும் குறையும்போது எந்தக் கணக்கை நம்புகிறோமோ, அதற்கேற்பத் தொட்டியின் அளவு மாறும். வல்லுநர் குழுவொன்று 1987இல் வெளியிட்ட கழிவுநீர்க் கணக்கு முறை பெருக்கலையே கையாள்கிறது. கணிப்பொறிக்கு அது வசதி. வேகம் சட்டென முறியாமல் சீராக மாறும்.

ஆனால் பெருக்கலில் ஒரு வம்பு உண்டு. பாக்டீரியத்துக்குப் பத்துத் தனிமங்களுக்கு மேல் தேவை. பத்தும் 90 சதவீத வேகத்துக்குப் போதுமான அளவில் இருக்கட்டும். பெருக்கிப் பாருங்கள்: வேகம் 35 சதவீதம்! கிட்டத்தட்டப் பந்தியே விரித்திருக்க, பாக்டீரியம் பட்டினி என்கிறது கணக்கு. எனவே என் சாய்வு லீபிக் பக்கமே.

எனினும் அதுவும் முழு உண்மையன்று. புதுக் கரைசல் சொட்டிக்கொண்டும் பழையது வெளியேறிக்கொண்டும் இருக்கும் தொடர்வளர்ப்புக் கலத்தில், சர்க்கரை–அம்மோனியா விகிதத்தைப் படிப்படியாக மாற்றிப் பார்த்துள்ளனர். உடலமைப்பு மாறாததாயின், ஒரே ஒரு விகிதத்தில்தான் இரண்டும் ஒருங்கே தீர வேண்டும். ஆனால் ஒரு நீண்ட இடைநிலை முழுவதிலும் இரண்டும் தீர்ந்துவிடுகின்றன. நைட்ரஜன் குறைந்தால், பல பாக்டீரியங்கள் மிச்சக் கார்பனைக் கிளைகோஜனாகவோ கொழுப்பு போன்ற மணிகளாகவோ சேமித்துக்கொள்கின்றன. சிமெண்டுக்கேற்பக் கலவையை மாற்றும் கொத்தனாரைப் போல! வளர்ச்சி வேகம் குறையக் குறைய இந்த இடைநிலை அகன்றுகொண்டே போகிறது.