முகமும் குரலும் சாட்சியாகாத காலம்

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். பழமொழியாக மட்டுமே நாம் சொல்லி வந்த இது, செயற்கை நுண்ணறிவின் வருகைக்குப் பின் அன்றாட உண்மையாகிவிட்டது.

ஒருவருடைய முகத்தையும் குரலையும் கணினி மூலம் அச்சு அசலாக உருவாக்கி, அவர் பேசாததைப் பேசியதாகக் காட்டுவதே 'டீப்ஃபேக்'. சில வினாடிப் பேச்சு கிடைத்தாலே குரலை நகலெடுக்கும் மென்பொருள்கள் இன்று உள்ளன. அந்தப் பேச்சைத் தேடி மோசடிக்காரர்கள் அலைய வேண்டியதில்லை. திருமண வீடியோ, பயண வீடியோ என்று நாமே பொதுவெளியில் பதிவேற்றி வைத்திருக்கிறோம்.

கோழிக்கோடும் ஹாங்காங்கும்

2023 ஜூலையில் கோழிக்கோட்டில், பணி ஓய்வு பெற்ற 73 வயதுப் பெரியவருக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. வீடியோவில் தெரிந்தது முன்பு உடன் பணியாற்றிய நண்பரின் முகம். உறவினரின் அறுவைச் சிகிச்சைக்கு அவசரமாக 40,000 ரூபாய் வேண்டும் என்றார். பெரியவர் அனுப்பிவிட்டார். மேலும் 35,000 கேட்டபோதுதான் சந்தேகம் வந்தது. உண்மையான நண்பரைத் தொடர்புகொண்டபோது, அவர் அழைக்கவே இல்லை என்று தெரிந்தது. புகார் கொடுத்தபின் காவல்துறை அந்தப் பணத்தை மீட்டது.

2024 தொடக்கத்தில் வெளிவந்த ஹாங்காங் மோசடி இன்னும் பெரியது. பணம் அனுப்பச் சொல்லி வந்த மின்னஞ்சலை ஒரு நிறுவன ஊழியர் முதலில் சந்தேகித்தார். பிறகு வீடியோ கூட்டத்தில் மேலதிகாரிகளைப் 'பார்த்ததும்' நம்பினார். போனது 20 கோடி ஹாங்காங் டாலர். சரியாக எழுந்த சந்தேகத்தை அவருடைய கண்களே கலைத்துவிட்டன.

ஸனத் கற்றுத்தரும் பாடம்

ஹதீஸ் கலையில் செய்தியின் வாசகத்தை 'மத்ன்' என்றும், அது வந்து சேர்ந்த அறிவிப்பாளர் தொடரை 'ஸனத்' என்றும் சொல்வோம். வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் வழியாக வந்தது, அவர் நம்பகமானவரா, தொடர் அறுந்திருக்கிறதா என்று இமாம்கள் ஆராய்ந்தார்கள். செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளை.

டீப்ஃபேக் மத்னைத்தான் போலி செய்கிறது. முகத்தையும் குரலையும் உற்றுப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது இனி நம்மால் ஆகாது. நாம் பார்க்க வேண்டியது ஸனதை: இந்த அழைப்பு எந்த வழியாக வந்தது?

வளைகுடாவில் இருக்கும் மகனின் குரலில், "வாப்பா, போன் தொலைந்துவிட்டது, இது நண்பரின் எண், உடனே பணம் வேண்டும்" என்று அழைப்பு வந்தால், எந்தப் பெற்றோருக்கும் மனம் பதறும். அந்தப் பதற்றம்தான் மோசடிக்காரர்களின் முதலீடு.

வீட்டில் செய்ய வேண்டியவை

• பணம் கேட்டு அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். கிடைக்காவிட்டால் அவருடன் தங்கியிருப்பவரிடம் விசாரியுங்கள்.

• குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல்லை நேரில் பேசி முடிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.

• "யாரிடமும் சொல்லாதே" என்றாலே எச்சரிக்கையாகுங்கள். 'டிஜிட்டல் கைது' என்று எதுவும் நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை.

• ஆலிம்கள், தலைவர்கள் பேசியதாக வரும் பரபரப்பு வீடியோக்களையும் விசாரிக்காமல் பகிராதீர்கள். ஒரு பொய் ஊரையே பற்றவைக்கும்.

• பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள். விரைவாகச் சொன்னால், பணம் கைமாறுமுன் கணக்கை முடக்க வாய்ப்புண்டு.

இந்தத் தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் வெட்கம். 'பிள்ளைகள் ஏசுவார்களே' என்று பெரியவர்கள் மறைக்கும் நேரத்தில் பணம் கைமாறிவிடுகிறது. எனவே, ஏமாந்தாலும் ஏச மாட்டோம், உடனே சொல்லுங்கள் என்ற உறுதியை வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் நாம் இன்றே கொடுப்போம்.