நின்ற வண்டியும் ஒழிபளவையும்

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் வண்டி நடுவழியிற் சடுதியாக நின்றுவிடின், அதனைச் செலுத்துவோர் பெரும்பாலும் செய்வது யாது? ஸ்ராட்டரை மீண்டும் மீண்டும் இயக்குதலே. எஞ்சின் இயங்காது, பற்றரியோ வலியிழக்கும். ஒரு குறை இருந்தவிடத்து இரண்டு குறைகள் சேர்ந்துவிடும்.

தருக்க நூலார் ஒழிபு என்றோர் அளவையைக் கூறுவர். பொருந்தாதனவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சியதைத் துணிதல் அதன் இயல்பு. நின்ற வண்டியின் குறை காண்டற்கு இவ்வளவையே சிறந்த கருவியாகும். பெற்றோல் எஞ்சின் இயங்குதற்கு வேண்டியன மூன்று: காற்றோடு தக்க அளவிற் கலந்த எரிபொருளாவி, உருளையினுள் அக்கலவை அமுக்கப்படுதல், உரிய நேரத்தில் தீப்பொறி. நன்றாக ஓடிவந்த எஞ்சினில் அமுக்கம் எல்லா உருளைகளிலும் ஒருங்கே கெடுதல் அரிது. ஆகவே ஏனைய இரண்டுமே முதற்கண் ஆராயற்பாலன.

1948ஆம் ஆண்டில் வெளிவந்ததும் இன்றும் யாழ்ப்பாணத் தெருக்களிற் காணப்படுவதுமாகிய மொறிஸ் மைனர் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பெற்றோற் பம்பி மின்னால் இயங்குவது. திறப்பைத் திருப்பியதும் அது 'டிக் டிக்' என ஒலித்துச் சிறிது நேரத்தில் அடங்குமாயின், காபரேற்றரின் கிண்ணம் நிறைந்தது எனலாம். ஒலி இடையறாது தொடரின் தாங்கி வறண்டிருக்கலாம். அன்றிக் குழாயிற் காற்றுப் புகுந்திருக்கலாம். ஒலியே எழாவிடின், கிண்ணம் முன்னரே நிறைந்துள்ளது. அன்றேற் பம்பி பழுதுற்றது.

அடுத்து, பிளக் ஒன்றைக் கழற்றி, அதன் மின்கம்பியோடு பொருத்தி, பிளக்கின் உடல் எஞ்சினின் உலோகத்தைத் தொடுமாறு வைத்து எஞ்சினைச் சுழற்றுதல் வேண்டும். நீலப்பொறி வலிதாய்ப் பாயின் தீப்பொறியிற் குறையில்லை. பெற்றோல் சிந்திய இடத்திலும் அதன் மணம் வீசுமிடத்திலும் இச்சோதனை செய்யலாகாது.

வெயிலிற் சூடேறி நின்ற வண்டி, அரை மணி நேரம் ஆறியபின் தானே புறப்படுதலும் உண்டு. குழாயினுள் பெற்றோல் கொதித்து ஆவியாகி ஓட்டத்தைத் தடுத்தல் இதற்கு ஒரு காரணம். மின்சுருளோ கொண்டென்சரோ சூட்டாற் செயலிழத்தல் மற்றொரு காரணம். ஆறியபின் இரண்டன் அடையாளமும் மறைந்துவிடும். ஆதலின், சூடு தணியுமுன்னரே தீப்பொறியைச் சோதித்தல் வேண்டும். பொறி உண்டேல் முன்னையது, இன்றேற் பின்னையது. முன்னையதற்குக் குழாயின்மேல் இடும் ஈரத்துணியும் பொறுமையும் போதும்; பின்னையதற்குப் புதிய உறுப்பே வேண்டும்.

ஆவி மிகுதலாற் குறை வருதல்போல ஆவியாகாமையாலும் குறை வரும். 1990களிற் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் அரிதாகியபோது, யாழ்ப்பாணத்தில் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆதலின், சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயில் ஓட்டினர். வழியில் நின்று குளிர்ந்த வண்டிக்கு மீண்டும் அச்சில துளிகள் வேண்டியிருந்தன. தாங்கி நிறைந்திருந்தும் வண்டி அசையாமையின் காரணம் இதுவே.

குறையை ஊகித்து உறுப்புக்களை மாற்றுவோர் பொருளையும் காலத்தையும் இழப்பர். ஒன்றைச் சோதித்து நீக்கியபின் மற்றொன்றை நாடுவோர் குறையை அடைவர். வகுப்பறையிற் கற்ற அளவை தெருவோரத்திலும் பயன்படுமென்க.