ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம்

ஒரு நாட்டின் மொத்த வருமானத்தை அதன் மக்கள்தொகையால் வகுத்தால் கிடைப்பது தலா வருமானம். நாடு முன்னேறுகிறதா என்று அறியப் பலரும் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். இது உயர்ந்தால் குழந்தைகளும் நலமாக வளர்வார்கள் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நம் அண்டை நாடான வங்கதேசத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு உதைக்கிறது.

1990இல் அங்கு ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ 145 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தனர். இந்தியாவில் அந்த எண் 126ஐ ஒட்டி இருந்தது. 2010இல் இந்தியாவின் தலா வருமானம் வங்கதேசத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் குழந்தை இறப்போ வங்கதேசத்தில் 50 அளவுக்கு இறங்கிவிட்டது. இந்தியாவில் 60க்குச் சற்றுக் கீழேதான் வந்திருந்தது. ஏழை நாடு எப்படி முந்தியது?

தடுப்பூசி, பெண் கல்வி, கிராமம்தோறும் சென்ற பெண் ஊழியர்கள் எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே காண்போம்.

வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பே. காலரா கண்டால் சிறுகுடல் உப்பையும் நீரையும் குடம் குடமாக வெளியே கொட்டும். வெறும் தண்ணீரைக் குடித்தால் அது உடலில் தங்காது. ஆனால் குடற்சுவரின் செல்களில் ஒரு விந்தையான வாயில் உண்டு. சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் அது இரண்டையும் உள்ளே விடும். அவற்றின் பின்னால் நீரும் நுழையும். காலராவிலும் இந்த வாயில் கெடுவதில்லை. நோயாளி உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடித்தே பிழைக்கலாம் என்பதை 1968இல் டாக்கா ஆய்வுக்கூடத்தின் மருத்துவர்கள் காட்டினர். 1971 போரின்போது வங்காள எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகலநாபிஸ் இக்கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பிக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 ஆக இருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது.

மருந்து கிடைத்துவிட்டது. அது குடிசைக்குப் போக வேண்டுமே! 1980 முதல் 1990 வரை 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு நடந்தே சென்றனர். மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அவ்வளவுதான் பாடம். (வெல்லத்திலுள்ள சர்க்கரை குடலில் பிரிந்து குளுக்கோஸ் தரும்.) உப்பு கூடினால் ஆபத்து என்பதால், தாய்மார் கலக்கிய நீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்தனர். தாய்க்கு எவ்வளவு நினைவில் நின்றதோ அதற்கேற்பவே ஊழியருக்குச் சம்பளம்! இப்படிப்பட்ட தேர்வில் ஆசிரியருக்கல்லவா மதிப்பெண்! அப்படியும் தொடக்கத்தில் பல தாய்மார் கற்றதைச் செய்யவில்லை. விசாரித்தால், ஊழியர்களில் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லையாம். அவர்களுக்கு விஞ்ஞான விளக்கம் சொல்லித்தந்த பின்னரே நிலைமை மாறியது.

அப்படியானால் வருமானம் தேவையில்லையா? அப்படிச் சொல்வது தவறு. கரைசல் உயிரைக் காக்கும், உயரத்தைக் கூட்டாது. அதற்குப் பால், முட்டை, பருப்பு வேண்டும். தூய குடிநீரும் கழிப்பறையும் வேண்டும். இவற்றுக்குப் பணம் தேவை. அடிக்கடி நோயுறும் குழந்தை, உண்டதையும் உடலில் சேர்க்க முடியாமல் குள்ளமாகிவிடுகிறது. வங்கதேசத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2004இல் நூற்றுக்கு 51 பேர். 2022இல் 24 பேர். வருமானம் வேகமாக உயர்ந்த ஆண்டுகளும் இவையே. ஆயினும் இந்தியாவில் 2019-21 கணக்கெடுப்பில் அந்த எண் 35ஐத் தாண்டியே இருந்தது.