காற்றைப் பங்கிடும் கணக்கு

பெரிய உருளை ஒன்றில் ஏறத்தாழ 2,300 லிட்டர் காற்று அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. சிறிய உருளை ஒன்று நிறைய 230 லிட்டர் போதும். பெரியதைக் கொண்டு சிறியதை எத்தனை முறை நிரப்பலாம்? வகுப்பில் இதைக் கேட்டால் "பத்து முறை" என்று பெரும்பாலோர் உடனே சொல்லிவிடுவார்கள். சரியான விடை, ஒரு முறைகூட முழுதாக நிரப்ப முடியாது என்பதே.

இது பாடப்புத்தகத்திற்காகப் புனைந்த கணக்கன்று. அமெரிக்காவில் 'பெயின்ட்பால்' என்னும் விளையாட்டை ஆடுவோர் களத்தின் ஓரத்தில் நின்று போடும் கணக்கு. சாயம் அடைத்த ஜெலட்டின் குண்டுகளை ஒருவர் மீது ஒருவர் சுட்டு ஆடும் ஆட்டம் இது. காட்டில் மரங்களுக்கு அடையாளமிடப் பயன்பட்ட சாயத் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு, 1981-ஆம் ஆண்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பன்னிரண்டு பேர் ஆடியதே முதல் ஆட்டம் என்பர். குண்டின் எடை சுமார் 3 கிராம். களங்களில் விநாடிக்கு 90 மீட்டர் அளவு வேகத்திற்கு மேல் சுட விடுவதில்லை. அந்த வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 12 ஜூல். உடம்பில் பட்டால் கன்றிப் போகும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். அதனால்தான் முகக்கவசம் கட்டாயம்.

குண்டைத் தள்ளுவதற்குத் தொடக்கத்தில் கரியமிலவாயுவைப் பயன்படுத்தினார்கள். அது உருளைக்குள் திரவமாக இருக்கும். மேலே நிற்கும் ஆவியின் அழுத்தம் 20 டிகிரி சென்டிகிரேடில் 57 பார். (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலத்தின் அழுத்தம்.) ஆனால் 0 டிகிரியில் அது 35 பாராகக் குறைந்துவிடும். அடுத்தடுத்துச் சுடும்போது திரவம் ஆவியாகி, ஆவியாதலுக்கான வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொண்டு குளிர்ந்து போகிறது. அழுத்தம் விழுகிறது; குண்டின் வேகமும் மாறுகிறது. ஆகவே பலரும் அழுத்தக் காற்றுக்கு மாறினார்கள்.

அந்தக் காற்றுக்கு எங்கே போவது? 200 பார் அளவுக்குக் காற்றை அழுத்தும் பம்பு எளிதில் வாங்கக்கூடிய பொருளன்று. ஆனால் நீரில் மூழ்குவோர் முதுகில் கட்டிக்கொள்ளும் 'ஸ்கூபா' உருளைகளில் அத்தகைய காற்று இருக்கிறது. 1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்யானும் உருவாக்கிய சுவாசக் கருவியின் வழிவந்தவை அவை. மூழ்குவோருக்கான கடையில் நிரப்பிய ஸ்கூபா உருளையைக் கொண்டுவந்து, அழுத்தமானி பொருத்திய குழாய் ஒன்றால் இணைத்து, சிறிய உருளையை நிரப்பிக்கொள்வார்கள்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பரவலாகப் பயன்படும் அலுமினிய ஸ்கூபா உருளையின் கொள்ளளவு 11.1 லிட்டர், நிரப்பும் அழுத்தம் 207 பார். விளையாட்டு உருளையின் கொள்ளளவு 1.1 லிட்டர் என்று கொள்வோம். இரண்டு நீர்த்தொட்டிகளைக் குழாயால் இணைத்தால் நீர் எதுவரை ஓடும்? இரண்டிலும் மட்டம் ஒன்றாகும் வரை. காற்றுக்கு மட்டம் என்பது அழுத்தம். பெரியதில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், அழுத்தங்கள் சமமானதும் ஓட்டம் நின்றுவிடும்.

பாயில் விதிப்படி, 207-ஐ 11.1-ஆல் பெருக்கி, மொத்தக் கொள்ளளவாகிய 12.2-ஆல் வகுத்தால் 188 பார். முதல் உருளைக்கே இவ்வளவுதான். இரண்டாவது வெற்று உருளைக்கு 171, மூன்றாவதற்கு 156, நான்காவதற்கு 142, ஐந்தாவதற்கு 129. அப்போதும் பெரிய உருளையில் முதலில் இருந்த காற்றில் அறுபது சதவிகிதத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது! (இவ்வளவு உயர் அழுத்தத்தில் காற்று பாயில் விதியிலிருந்து சிறிது விலகும், நம் கணக்குக்கு அது குறுக்கே நிற்காது.) 310 பார் வரை தாங்கக்கூடிய விளையாட்டு உருளைகளும் உண்டு. அவற்றை இந்த ஸ்கூபா உருளையால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பவே இயலாது.

129 பாருக்கு இறங்கிவிட்ட உருளையைக் கடைக்குத் திருப்பி அனுப்புவதா? வேண்டாம். முழுதாக நிறைந்த வேறொரு ஸ்கூபா உருளை கையில் இருந்தால், வெற்று உருளையை முதலில் இறங்கிப்போன உருளையோடு இணைக்க வேண்டும். 117 பார் ஏறும். பிறகு நிறைந்த உருளையோடு இணைத்தால் 199 பார் வரை ஏறிவிடும். நிறைந்த உருளை இழப்பது 8 பார்தான். நேராக அதிலிருந்தே நிரப்பியிருந்தால் 19 பார் இழந்திருக்கும், கிடைப்பதும் 188 ஆகவே இருக்கும். அதே இரண்டு உருளைகள், அதே காற்று. வரிசை மட்டுமே வேறு. வரிசையை மாற்றி, நிறைந்ததை முதலில் இணைத்துவிட்டால் இறங்கிய உருளையால் ஒரு பயனும் இல்லை. 188 பார் உள்ள இடத்திற்கு 129 பார் எப்படி ஏறும்? மூன்று, நான்கு உருளைகளை இவ்வாறு படிப்படியாகப் பயன்படுத்துவோரும் உண்டு.

இதுவரை வெப்பநிலையை மறந்துவிட்டோம். சைக்கிள் பம்பின் அடிப்பாகம் சுடுவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். இங்கே பம்பும் இல்லை, அடிப்பவரும் இல்லை. ஆயினும் சிறிய உருளை சுடுகிறது. பின்னால் வரும் காற்று முன்னால் போன காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பதுதான் காரணம். தள்ளுவதில் செய்யப்படும் வேலை, உள்ளே போன காற்றின் வெப்பமாகிறது. சுவர் வழியாக வெப்பம் சிறிதும் வெளியேறாது என்று வைத்துக்கொண்டால், மாறா அழுத்தமுள்ள மூலத்திலிருந்து வெற்று உருளைக்குள் புகும் காற்றின் தனிவெப்பநிலை, காற்றின் இரு தன்வெப்பங்களின் தகவாகிய 1.4 மடங்கு உயரும். 300 கெல்வின் 420 கெல்வினாகும். அதாவது 27 டிகிரி 147 டிகிரியாகும்! நடைமுறையில் உருளையின் உலோகம் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் இவ்வளவு ஏறுவதில்லை. ஆனாலும் 60 டிகிரியில் அழுத்தமானி 200 பார் காட்டினால், 30 டிகிரிக்கு ஆறிய பின் 182 பார்தான் இருக்கும். ஒன்றும் கசியவில்லை, ஏமாற்றியது வெப்பம். மெதுவாக நிரப்பி, ஆறவிட்டு, மறுபடி சிறிது ஏற்றுவதே வழி.

மெதுவாக நிரப்ப வேண்டியதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வால்வைச் சட்டென்று திறந்தால், குழாயின் கடைசியில் அகப்பட்டிருக்கும் சிறிதளவு காற்று நொடிப்பொழுதில் 1 பாரிலிருந்து 200 பாருக்கு நசுக்கப்படுகிறது. கோட்பாட்டளவில் அதன் வெப்பநிலை ஆயிரம் டிகிரியைத் தாண்டும். இதைவிட மிகக் குறைந்த அழுத்தத்திலேயே டீசல் எஞ்சினில் எண்ணெய் பொறியின்றிப் பற்றிக்கொள்கிறது. நிரப்பும் முனை இறுக்கமாக இருக்கிறதே என்று இரண்டு சொட்டு எண்ணெய் விடுபவர், தம் கையருகே ஒரு டீசல் எஞ்சினைத் தயாரித்துக்கொள்கிறார். ஆக்சிஜன் அதிகமாகக் கலந்த காற்றை நிரப்பிய ஸ்கூபா உருளைகளும் உண்டு. அவற்றிலிருந்து இந்த வேலைக்குக் காற்றை எடுக்கவே கூடாது.

1.1 லிட்டர் என்பதைக் கண்டு அலட்சியம் வேண்டாம். 207 பாரில் அடைத்த அந்தக் காற்று திடீரென்று விரிந்தால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 45,000 ஜூல். ஒரு டன் எடையை நாலரை மீட்டர் உயரத்திற்குத் தூக்கப் போதுமானது. ஸ்கூபா உருளையில் இதைப் போல் பத்து மடங்கு. எனவே உருளையின் மேல் பொறித்துள்ள அழுத்தத்தைப் படிக்காமல் குழாயை மாட்டலாகாது. கரியமிலவாயுவுக்கென்று செய்த விளையாட்டு உருளைகளில் 1800 என்று பொறித்திருக்கும். சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு, அதாவது 124 பார். அதற்குள் 207 பார் காற்றை விடுவது வெடிகுண்டோடு விளையாடுவதாகும். அளவு மீறினால் தானே கிழிந்து காற்றை வெளியேற்றும் மெல்லிய தகடு ஒன்று உருளையின் வால்வில் இருக்கிறது என்பது உண்மையே. அது கடைசிக் காவல். அதை நம்பி நிரப்புவதற்கில்லை. அமெரிக்காவில் இந்த உருளைகள் பெரும்பாலானவற்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்துகிறார்கள். நீரைக் கொண்டு சோதிப்பது ஏனென்றால், நீர் அழுத்தத்திற்கு அநேகமாகச் சுருங்குவதில்லை. உருளை பிளந்தாலும் காற்றைப்போல் வெடித்துச் சிதறாது.

நிரப்பி முடிந்ததும் ஸ்கூபா வால்வை மூடிவிட்டுக் குழாயை உடனே கழற்ற முயல்வது புதியவர்கள் செய்யும் தவறு. இரு வால்வுகளுக்கு இடையே குழாயில் நின்றுவிட்ட காற்று இன்னும் உயர் அழுத்தத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் உள்ள சிறு திருகைத் திறந்தால் 'உஸ்' என்று அது வெளியேறும். அழுத்தமானியின் முள் சுழிக்கு வந்த பிறகுதான் இணைப்பில் கை வைக்க வேண்டும்.